கம்பைலர் மேல் தப்பில்லை, டீச்சர்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பழைய தமிழ் வினாத்தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. எல்லாமே ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தவை. அவற்றை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றினால் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கலாமே என்று, படத்திலிருக்கும் எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் 5 புரோகிராமை என் லேப்டாப்பில் (உபுண்டு 22.04, 4 ஜிபி ரேம்) சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, கம்பைல் செய்யப் பார்த்தேன். கணினியைச் சோதித்துத் தயார் செய்யும் கான்ஃபிகர் கட்டளையைக் கொடுத்தால் ‘கம்பைலரால் எக்ஸிகியூட்டபிள் (ஓடக்கூடிய கோப்பு) உருவாக்க முடியவில்லை’ என்று நின்றுவிடுகிறது. சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, கொடுத்தேன், கடந்துவிட்டது! ஆனால் அடுத்து, கம்பைல் செய்யும் மேக் கட்டளையைக் கொடுத்ததும் ‘பர்மிஷன் டினைடு’. உடன் வேலை செய்யும் சார் ஒருவர் ஃபோல்டரை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். மறுபடி மேக். ஐந்து நிமிடத்தில் மவுஸ் அசையவில்லை, கடைசியில் ‘கில்டு’ என்று ஒரு வரி வந்தது. கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்தால், ‘பெரிய வி’ என்ற ஆப்ஷன் தெரியாது என்று கம்பைலர் சொல்கிறது. இரண்டு நாளாக அதையே தேடி அலைகிறேன். கம்பைலரான ஜிசிசியை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் பார்த்தாயிற்று. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி போன மாதம் வந்தபோது, லேப்டாப் வேகமாக ஓடும் என்று சில வரிகள் சேர்த்துவிட்டுப் போனான். அதனால் இருக்குமா? சரியான பிறகு பள்ளி லேப்டாப்களுக்கும் காப்பி செய்துகொள்ளலாமா? கோப்புகளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

அதனால்தான். தம்பி சேர்த்த அந்த மூன்று வரிகள்தான் காரணம். ஆனால் தம்பியைத் திட்டிவிடாதீர்கள். அவருடைய கணினிக்கு அந்த வரிகள் சரியானவை. உங்கள் லேப்டாப்புக்குத்தான் பொருந்தவில்லை. ஜிசிசியை நீக்கி மறுபடி போட்டது வீண் வேலையாகிவிட்டது, பாவம். ஜிசிசி முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. சூடோ போட்டால் கான்ஃபிகர் கடந்துவிட்டது என்றீர்களே, அந்த இடம். பலர் இதைப் பார்த்து, ‘ஏதோ அனுமதிப் பிரச்சினை போல, இனி எல்லாவற்றுக்கும் சூடோ போட்டுவிடலாம்’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். நடந்தது வேறு. உபுண்டுவில் சூடோ ஒரு கட்டளையை ஓட்டும்போது, உங்கள் டெர்மினலில் இருக்கும் சூழல் மாறிகளில் (புரோகிராம்கள் பார்த்து நடந்துகொள்ளும், பெயரிட்ட மதிப்புகள்) பெரும்பாலானவற்றைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். தம்பி சேர்த்த மூன்றும் அப்படிப்பட்ட மாறிகள்தான். அவை கழன்று விழுந்ததும் கம்பைலர் ஒழுங்காக வேலை செய்தது. ஆக, ‘என் பெயரில் ஓட்டினால் தோற்கிறது, சூடோவில் ஜெயிக்கிறது’ என்றால் கம்பைலரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. உங்கள் சூழலில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

பார்ப்பது எளிது. ஈ, என், வி என்ற மூன்றெழுத்துக் கட்டளையை டெர்மினலில் அடித்தால் எல்லா மாறிகளும் வரிசையாக வந்து விழும். அதில் ‘ஃப்ளாக்ஸ்’ (கம்பைலருக்கும் மேக்குக்கும் கொடுக்கும் ஆப்ஷன்கள்) என்று முடியும் பெயர்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். புதிதாகப் போட்ட உபுண்டுவில் இப்படி ஒன்றுகூட இருக்காது. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடுகிற பாஷ்ஆர்சி கோப்பை அனுப்பியிருக்கிறீர்களே, அதன் கடைசியில் மூன்று இருக்கின்றன: சிஃப்ளாக்ஸ், சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ், மேக்ஃப்ளாக்ஸ். முதல் இரண்டிலும் ‘ஓ3, மார்ச்=இசட்என்வெர்4’ என்று இருக்கிறது. மூன்றாவதில் ‘ஜே16’.

இந்த மார்ச் மாதக் கணக்கில்லை. மெஷின் ஆர்க்கிடெக்சர் என்பதன் சுருக்கம். எந்த பிராசசருக்காக மெஷின் கோடு எழுத வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்கிற ஆப்ஷன் அது. இசட்என்வெர்4 என்பது ஏஎம்டியின் ஜென் 4 பிராசசருக்கு ஜிசிசி வைத்திருக்கும் பெயர். தம்பியிடம் ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் ஒன்று இருக்க வேண்டும், புதிய ஜிசிசியும் இருக்க வேண்டும். உபுண்டு 22.04 தருவது ஜிசிசி 11. அந்த வரிசை 2021 ஏப்ரலில் வெளிவந்தது. ஜென் 4 கடைக்கு வந்ததோ 2022 செப்டம்பரில். பிறக்காத பிள்ளையின் பெயரை அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்? 2023-இல் வந்த ஜிசிசி 13-க்கு அந்தப் பெயர் தெரியும். உங்களிடம் இருப்பதற்குத் தெரியாது. தெரியாத பெயரைக் கொடுத்தால் அது ஊகித்துக்கொண்டு முன்னே போகாது, அங்கேயே நின்றுவிடும். நின்றது நல்லதுதான்.

சரி, அப்படியானால் ‘இந்த மார்ச் மதிப்பு தப்பு’ என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே, ஏன் ‘எக்ஸிகியூட்டபிள் உருவாக்க முடியவில்லை’ என்று சுற்றி வளைக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். அதைச் சொன்னது கம்பைலர் இல்லை, கான்ஃபிகர் ஸ்கிரிப்ட். கான்ஃபிகர் முதல் வேலையாக ‘கான்ஃப்டெஸ்ட்’ என்ற பெயரில் ஒரு குட்டிக் கோப்பை எழுதுகிறது. உள்ளே ஒன்றும் செய்யாத ஒரு மெயின் ஃபங்ஷன், அவ்வளவே. அதை உங்கள் ஃப்ளாக்ஸோடு சேர்த்துக் கம்பைல் செய்து பார்க்கும். அது தேறினால்தான் அடுத்த சோதனை. தேறவில்லை என்றால் காரணத்தை ஆராயாமல், ‘முடியவில்லை, விவரத்துக்கு கான்ஃபிக்.லாக்கைப் பார்’ என்று சொல்லி நின்றுவிடும். கம்பைலர் உண்மையில் என்ன சொன்னதோ, அது வார்த்தை மாறாமல் அந்த லாக் கோப்பில் பதிவாகியிருக்கும்.

நீங்களும் சரியாக அந்தக் கோப்பைத்தான் திறந்திருக்கிறீர்கள். ஆனால் அதில் எல்லாரும் விழுகிற குழியில் விழுந்துவிட்டீர்கள். ‘பெரிய வி ஆப்ஷன் தெரியாது’ என்ற வரி ஒரு கோளாறே இல்லை. கான்ஃபிகருக்கு உங்களிடம் எந்த நிறுவனத்தின் கம்பைலர் இருக்கிறது என்று தெரியாது. அதனால் பதிப்பு எண்ணை நாலைந்து விதமாகக் கேட்டுப் பார்க்கும். சில கம்பைலர்கள் பெரிய வி என்றால் பதில் சொல்லும், சில ‘கியூவெர்ஷன்’ என்றால் பதில் சொல்லும். ஜிசிசிக்கு இந்த இரண்டும் தெரியாது. ‘தெரியாத ஆப்ஷன்’ என்றும், கூடவே ‘கம்பைல் செய்யக் கோப்பே கொடுக்கவில்லை’ என்றும் சொல்லும். எந்தக் கோளாறும் இல்லாத என் கணினியின் கான்ஃபிக்.லாக்கிலும் இதே வரிகள் இருக்கின்றன. உங்கள் இரண்டு நாளை எடுத்துக்கொண்டது இந்த வரி.

அப்படியானால் எந்த வரியைப் படிப்பது? லாக் கோப்பில் ‘எக்ஸிகியூட்டபிள் உருவாக்க முடியவில்லை’ என்ற வாசகத்தை முதலில் தேடிப் பிடியுங்கள். அங்கிருந்து கண்ணை மேலே ஓட்டுங்கள். தோற்றுப்போன அந்தக் குட்டி புரோகிராமை அப்படியே எடுத்து எழுதியிருக்கும். அதற்கும் மேலே, கம்பைலரை அழைத்த முழுக் கட்டளையும் அதற்கு அடியில் பதிலும் இருக்கும். உங்கள் கோப்பில் அந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது: மார்ச் ஆப்ஷனுக்குக் கொடுத்த இசட்என்வெர்4 தவறான மதிப்பு, ஏற்கத்தக்க பெயர்கள் இவை என்று ஒரு நீளமான பட்டியல். இன்னும் கீழே, கோப்பின் கடைசிப் பகுதிக்குப் போனால் கான்ஃபிகர் எந்தெந்தச் சூழல் மாறிகளைப் பார்த்தது என்றும் குறித்து வைத்திருக்கும். சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ் ‘செட்’ ஆகியிருக்கிறது, மதிப்பு இன்னது என்று அங்கே இருக்கிறது. சாட்சி எல்லாம் ஒரே கோப்பில்தான்.

இப்போது அடுத்த குழப்பம். சூடோவில் கான்ஃபிகர் ஓடியபோது அது உருவாக்கிய கோப்புகள் எல்லாம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகிவிட்டன. உங்கள் பெயரில் மேக் கொடுத்தால் அவற்றில் எழுத முடியாது. பர்மிஷன் டினைடு வந்தது அதனால். உங்கள் சக ஆசிரியர் செய்தது சரியான வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு உங்கள் பெயரில் மேக் ஓடியதும், அதுவரை வாய் திறக்காமல் இருந்த மூன்றாவது வரி வேலையைக் காட்டிவிட்டது.

ஜே16 என்றால் ஒரே நேரத்தில் பதினாறு கோப்புகளைக் கம்பைல் செய் என்று பொருள். தம்பியின் கணினியில் அத்தனை த்ரெட் இருக்கலாம், ரேமும் தாராளமாக இருக்கும். டெசராக்ட் சி++ மொழியில் எழுதியது. சி++ கோப்பு ஒன்றைக் கம்பைல் செய்யவே சில நூறு எம்பி போய்விடும், சில கோப்புகளுக்கு அதற்கு மேலேயும். பதினாறு பேருக்கு ஒரே சமயத்தில் 4 ஜிபியில் பந்தி போட்டால் என்ன ஆகும்? ரேம் தீர்ந்து, டிஸ்க்கை ரேம் மாதிரி பயன்படுத்தத் தொடங்கும்போதுதான் மவுஸ் உறைந்து போகிறது. அதுவும் தாங்காதபோது கெர்னல் என்கிற லினக்ஸின் மையப் பகுதி, மொத்தக் கணினியும் முடங்காமல் இருக்க, அதிக ரேம் தின்கிற புரோகிராம் ஒன்றைக் கொன்றுவிடும். அதுதான் ‘கில்டு’. அந்த வரியில் ‘சிசி1பிளஸ்’ என்ற பெயர் இருப்பதால் கம்பைலர் செத்துவிட்டது, அதில் ஏதோ பிழை என்று நினைக்கத் தோன்றும். சூடோவோடு டிமெஸ்ஜி கட்டளை கொடுத்து கெர்னலின் குறிப்பைப் பாருங்கள், நினைவகம் தீர்ந்ததால் கொன்றேன் என்று எழுதியிருக்கும். பெரிய சி++ புரோகிராம்களுக்கு, ஒரு வேலைக்கு 2 ஜிபி ரேம் என்று கணக்குப் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். உங்களுக்கு ஜே1 போதும். பிரவுசரை மூடிவிட்டால் ஜே2 தாங்கும். நேரம் கூடுதலாக எடுக்கும். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது போட்டுவிட்டு வந்தால் ஆயிற்று.

ஜே1-க்கு இன்னொரு நன்மையும் உண்டு. பதினாறு வேலை ஒன்றாக ஓடினால் எது முதலில் தோற்றது என்றே தெரியாமல் திரையில் எல்லாம் கலந்து வரும். வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனையை எடுக்கும் வரை அது தினசரிக் காட்சி. கடைசியில் நிற்கிற லாரிக்காரரிடம் ‘ஏன் நிற்கிறீர்கள்’ என்று கேட்டால் அவருக்கு என்ன தெரியும்? ‘முன்னாடி நிக்குது, நானும் நிக்கறேன்’ என்பார். முன்னால் நடந்து போய், எந்த லாரிக்குக் காகிதம் சரியில்லை என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். மேக் தோற்கும்போது திரையின் அடியில் கிடக்கிற ‘எரர் 1’, ‘எரர் 2’ எல்லாம் கடைசி லாரிகள்தான். ‘எரர்’ என்ற சொல் முதன்முதலில் எங்கே வருகிறதோ, அதுவரை மேலே போங்கள்.

இனி செய்ய வேண்டியது. பாஷ்ஆர்சி கோப்பில் அந்த மூன்று வரிகளுக்கும் முன்னால் ஆளுக்கொரு ஹேஷ் குறி போட்டுச் சேமியுங்கள். அழிக்க வேண்டாம், தம்பி வந்து கேட்டால் காட்டலாம். அப்புறம் திறந்திருக்கும் டெர்மினல்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோப்பில் எடுத்தாலும், ஏற்கெனவே திறந்திருக்கிற டெர்மினலில் பழைய மதிப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். புது டெர்மினலில் ஈஎன்வி கொடுத்து, ஃப்ளாக்ஸ் எதுவும் இல்லை என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு டெசராக்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு, டவுன்லோட் செய்த டார் கோப்பிலிருந்து (சோர்ஸ் மொத்தமும் கட்டி வைத்த கோப்பு) மறுபடி பிரியுங்கள். இருக்கிற ஃபோல்டரிலேயே தொடரலாமா என்றால், வேண்டாம். கான்ஃபிகர் ஒருமுறை எழுதிவைத்த மேக்ஃபைலில் அன்றைய மதிப்புகள் பதிந்திருக்கும். பாஷ்ஆர்சியை மாற்றினால் அது தானாக மாறாது. ரூட் பெயரில் ஏதாவது ஒரு கோப்பு தப்பிக் கிடந்தாலும் தலைவலி. புதிதாகத் தொடங்குவது ஐந்து நிமிட வேலை.

கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோஜென், பிறகு கான்ஃபிகர், மேக் மூன்றையும் உங்கள் பெயரிலேயே ஓட்டுங்கள். சூடோ தேவைப்படுவது கடைசியில் ‘மேக் இன்ஸ்டால்’ செய்யும்போது மட்டும். அதைத் தொடர்ந்து, புது லைப்ரரிகளைக் கணினிக்குத் தெரியப்படுத்தும் ‘எல்டிகான்ஃபிக்’ கட்டளை சூடோவோடு ஒருமுறை. அதை விட்டுவிட்டால், எல்லாம் நன்றாக முடிந்த பிறகும் டெசராக்டைத் திறக்கும்போது ‘லைப்ரரி கோப்பைக் காணோம்’ என்று வரும், மறுபடி முதலிலிருந்து பயந்துபோவீர்கள்.

தம்பியிடமும் ஒன்று சொல்லுங்கள். அவர் அன்போடுதான் செய்தார். ஆனால் கம்பைலர் ஃப்ளாக்ஸை பாஷ்ஆர்சியில் வைக்கும் பழக்கத்தை விடுவது நல்லது. ஏதாவது ஒரு புரோகிராமுக்குத் தனி ஃப்ளாக் வேண்டுமென்றால், கான்ஃபிகர் கொடுக்கும் அதே வரியில், அதன் பக்கத்திலேயே சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ் மதிப்பை எழுதிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் கான்ஃபிக்.லாக்கின் தொடக்கத்திலேயே அந்த முழு வரியும் பதிவாகும். ஆறு மாதம் கழித்து யார் திறந்து பார்த்தாலும் என்ன கொடுத்தோம் என்று தெரியும். பாஷ்ஆர்சியில் வைத்தால் நாம் வைத்ததே மறந்துபோய், சம்பந்தமே இல்லாத வேறொரு புரோகிராம் ஒருநாள் தோற்கும். அப்போது ஜிசிசியை நீக்கிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டிருப்போம்.

பள்ளி லேப்டாப்களுக்குக் காப்பி செய்வது பற்றிக் கேட்டீர்கள். அதில்தான் எனக்கு உண்மையான கவலை. இணையத்தில் தேடினால், ‘இசட்என்வெர்4 வேலை செய்யவில்லையா, மார்ச்=நேட்டிவ் போடு’ என்று யாராவது சொல்வார்கள். போட்டால் கம்பைல் ஆகிவிடும், உங்கள் லேப்டாப்பில் ஓடவும் செய்யும். நேட்டிவ் என்றால் இந்தக் கணினியில் இருக்கிற பிராசசருக்கு ஏற்ற மாதிரி எழுது என்று பொருள். அதைப் பழைய செலரான் லேப்டாப்புக்குக் கொண்டுபோனால், அந்த பிராசசருக்குத் தெரியாத கட்டளை ஒன்று வந்ததும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற ஒற்றை வரியோடு புரோகிராம் செத்துவிடும். வேறு விளக்கம் எதுவும் இருக்காது. இதை நான் ஒரு வாடிக்கையாளர் இடத்தில் பட்டு அறிந்தவன். கம்பைல் செய்த புது சர்வரில் எல்லாம் சரியாக ஓடியது, கிளை அலுவலகங்களின் பழைய கணினிகளில் பாதி ஓடவில்லை. காரணம் அந்த ஒரே சொல் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது.

அதைவிட முக்கியம், டெசராக்டுக்கு நேட்டிவ் தேவையே இல்லை. அதை எழுதியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். அதிகக் கணக்குப் போடுகிற பகுதிகளை மட்டும் ஏவிஎக்ஸ்2 போன்ற வேகக் கட்டளைகளுக்குத் தனித்தனியாகக் கம்பைல் செய்து உள்ளே வைத்திருக்கிறார்கள். டெசராக்ட் ஓடத் தொடங்கும்போது பிராசசரைக் கேட்டு, இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் சாதாரண வழியில் போகும். நீங்கள் எந்த ஃப்ளாக்கும் கொடுக்காமல் கம்பைல் செய்தாலே அந்த வேகம் கிடைத்துவிடும்.

ஆனாலும் காப்பி செய்யாதீர்கள். உங்கள் பள்ளியில் இருப்பவை கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தருகிற, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் லேப்டாப்களாகத்தான் இருக்கும். அவற்றில் சில 18.04 அடிப்படையிலும் சில 22.04 அடிப்படையிலும் இருக்கக்கூடும். 22.04-இல் கம்பைல் செய்ததை 18.04-க்குக் கொண்டுபோனால் ‘இந்த ஜிலிப்சி பதிப்பு இல்லை’ என்று நின்றுவிடும். ஜிலிப்சி என்பது கிட்டத்தட்ட எல்லா புரோகிராம்களும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி. முன்னதில் இருப்பது ஜிலிப்சி 2.35, பின்னதில் 2.27. புதியதில் செய்தது பழையதில் ஓடாது. பள்ளிக் கணினிகளில், அந்தந்தப் பதிப்பின் களஞ்சியத்திலேயே இருக்கிற டெசராக்ட் பேக்கேஜையும் தமிழுக்கான ‘டாம்’ பேக்கேஜையும் ஏப்ட் என்ற இன்ஸ்டால் கட்டளை வழியாகப் போட்டுவிடுங்கள். கம்பைலரே வேண்டாம்.

இன்னும் ஒன்று, இதைக் கேட்டு வருத்தப்படாதீர்கள்: உங்கள் லேப்டாப்புக்கும் முதலில் அதையே செய்து பார்த்திருக்கலாம். 22.04 களஞ்சியத்தில் இருப்பது டெசராக்ட் 4.1.1. நியூரல் நெட்வொர்க் முறையில் எழுத்தைப் படிக்கும் புது எஞ்சின் நான்காம் பதிப்பிலேயே வந்துவிட்டது. ஐந்தில் வேகமும் பல திருத்தங்களும் கூடியிருக்கின்றன. ஆனால் அச்சிட்ட தமிழ் வினாத்தாளுக்கு நாலும் ஐந்தும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமாக இருக்காது. பத்துத் தாளை 4.1.1-இல் ஓட்டிப் பாருங்கள். திருப்தி இல்லை என்றால் மேலே சொன்ன வழியில் 5-ஐக் கம்பைல் செய்துகொள்ளலாம்.

பதிப்பைவிட ஸ்கேன்தான் அதிக வித்தியாசம் காட்டும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த தாளில் முதலில் தொலைவது புள்ளி. ‘க்’ போய் ‘க’ ஆகிவிடும், ‘பக்கம்’ என்பது ‘பககம’ என்று வரும். மொபைலில் படம் எடுக்காமல், ஸ்கேனரில் 300 டிபிஐக்குக் குறையாமல், கிரே ஸ்கேலில் எடுங்கள். கறுப்பு வெள்ளை என்ற செட்டிங்கில் மெல்லிய புள்ளிகள் அழிந்துபோகின்றன. ஒரே வினாத்தாளுக்கு இரண்டு மூன்று நகல்கள் இருந்தால், எழுத்து கறுத்துத் தெரிவதைவிடப் புள்ளி தெரிகிற நகலைத் தேர்ந்தெடுங்கள்.

கான்ஃபிகர் மறுபடி நின்றால், ‘முடியவில்லை’ என்ற வரிக்கு மேலே உள்ள முப்பது வரிகளை மட்டும் வெட்டி அனுப்புங்கள். அன்றைக்கே பதில் எழுதுகிறேன். கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு போகும்போதெல்லாம் உங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறேன். எழுத்தில் தீரவில்லை என்றால் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கே வந்து உட்கார்ந்து பார்த்துவிடலாம்.